மண் கரைத்த தண்ணீர்

மலேசியாவில் ஈப்போவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஒன்பது வருடங்கள் ஆகின்றன. இந்த ஒன்பது வருடங்களில் ஒத்திகை பார்க்காமல் நான் வெளியாரிடம் பேசிய வாக்கியங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

காய்கறிக் கடைக்குப் போகுமுன் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று "அரைக்கிலோ தக்காளி குடுங்க" என்று நான்கு முறை சொல்லிப் பார்ப்பேன். ஐந்தாவது முறை நன்றாக வரும். அந்தச் சூட்டோடு கடைக்கு நடப்பேன். அங்கே போய் நின்றதும் கடைக்காரர் "என்னா வேணும்?" என்று கேட்டால் பிழைத்தேன். "என்னா தங்கச்சி, ரொம்ப நாளாக் காணோம்?" என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. அந்தக் கேள்விக்கு நான் பதில் தயாரித்துக்கொண்டு வரவில்லை. முகம் சூடாகும், காது அடைக்கும், தக்காளி மறந்துபோகும். ஒரு சிரிப்பைச் சிரித்துவைத்து, எதிரே எது இருக்கிறதோ அதைக் கைகாட்டி வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். ஒரு முறை அப்படி வந்தது மூன்று முள்ளங்கி. எங்கள் வீட்டில் யாரும் முள்ளங்கி சாப்பிட மாட்டோம்.

மன்னார்குடியில் இருந்தவரை இது ஒரு வியாதி என்று யாருக்கும் தோன்றியதில்லை. வெளியே பேச வேண்டியதையெல்லாம் அம்மா பேசிவிடுவார். பெண் பார்க்க வந்தவர்கள் என்னைப் பார்த்து, "ரொம்ப அடக்கமான பொண்ணு" என்று வாயாரப் பாராட்டினார்கள். காபித் தட்டைப் பிடித்திருந்த என் கை அப்போது நடுங்கிக்கொண்டிருந்தது. அதையும் அடக்கத்தின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். என் குறையைக் காட்டித்தான் என்னைக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, கூடவே கோபமும் வருகிறது.

அதற்கு ஒரு பெயர் உண்டு என்பதே முப்பது வயதுக்கு மேல் இங்கே வந்துதான் தெரிந்தது. கிளினிக்கில் ஒரு சின்ன வயது டாக்டர், தமிழ்ப் பெண், சமூகப் பதற்றம் என்று சொன்னார். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுங்கள், ஆறு எண்ணும்வரை விடுங்கள், பேசலாம் என்றார். நல்ல பெண். நானும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இது தமிழே தெரியாத நாடாக இருந்திருந்தால் பேசாமல் இருக்க ஒரு சாக்கு கிடைத்திருக்கும். இங்கே அதுவும் இல்லை. வந்த புதிதில் கணவரின் உறவுக்காரர்கள் வீட்டு விருந்தில் நான் சொன்ன ஒரே வாக்கியம், "போதுங்க, வயிறு நெறஞ்சிடுச்சு." சொல்லி முடிக்கவில்லை, "அலாமாக், சீரியல்ல பேசுற மாதிரியே பேசுறாங்க லா!" என்று ஒருவர் வியக்க, மேசையே சிரித்தது. ஆசையாகத்தான் சிரித்தார்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு மூடிய வாய் அந்த வீட்டில் அப்புறம் சாப்பிட மட்டுந்தான் திறந்தது.

ஏர்கான் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கும் என் கணவர் பொறுமைசாலி. டீக்கடைக்குப் போனால் அவர் தே தாரிக் என்கிற நுரை டீ சொல்வார். பரிமாறுபவர் என் பக்கம் திரும்பியதும் "அதேதான்" என்று சொல்லிவிடுவேன். அப்படியே இரண்டு வருடம் தே தாரிக் குடித்தேன். நான் காபி குடிக்கிறவள். வருடா வருடம் விசாவைப் புதுப்பிக்க இருவரும் சேர்ந்து போக வேண்டும். ஒரு வருடம் அங்கிருந்த அதிகாரி மரியாதையாக, இந்த நாடு பிடித்திருக்கிறதா என்று மலாயில் கேட்டார். கேள்வி புரிந்தது. பதிலும் தெரியும். வாய்க்குத்தான் வரவில்லை. "பிடிச்சிருக்காம்" என்று கணவர் எனக்காகச் சொன்னார். ஒரு நாடு எனக்குப் பிடித்திருக்கிறதா என்பதைக்கூட இன்னொருவர்தான் சொல்ல வேண்டியிருந்தது.

எங்கள் தாமான் குடியிருப்பில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் ஓர் இரும்புக் கேட், அதில் ஒரு பூட்டு. யாரைப் பார்க்கப் போனாலும் கேட்டுக்கு வெளியே நின்று உரக்கக் கூப்பிடுவதுதான் இங்கே வழக்கம். ஒரு நாள் இரண்டு வீடு தள்ளி இருந்தவர்களின் கரண்டு பில் தவறி எங்கள் பெட்டியில் கிடந்தது. கொடுக்கப் போனேன். போய் நின்றேன். கூப்பிட வேண்டும். உச்சி வெயில். "அக்கா" என்ற ஒரு சொல்லை நெஞ்சிலிருந்து தொண்டைக்குக் கொண்டுவர முடியாமல் அந்தக் காகிதத்தைக் கசக்கிக்கொண்டே நின்றேன்.

கதவு திறந்தது. ஐம்பது வயதுப் பெண் ஒருவர். கைலியும் தொளதொளச் சட்டையும் போட்டிருந்தார், கையில் வெங்காய வாசம்.

"எவ்ளோ நேரமா நிக்கிற? நானும் ஜன்னல்லேர்ந்து பாத்துகிட்டே இருக்கேன், இப்பக் கூப்புடுவா, அப்பக் கூப்புடுவான்னு. வாயில என்னா கொழுக்கட்டையா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் ஏன், என்ன என்று குடைந்திருப்பார்கள். அக்கா குடையவில்லை. பில்லை வாங்கிக்கொண்டு, கேட்டில் தொங்கிய பூட்டைப் பிடித்து இரும்புக் கம்பியில் இரண்டு தட்டு தட்டிக் காட்டினார்.

"கூப்புட முடியலன்னா இப்டித் தட்டு. ரெண்டு தட்டு. இந்தத் தாமான்ல எல்லாருக்கும் தொண்ட இருக்கு, கத்திக்கட்டும். ரெண்டு தட்டுக் கேட்டா நீதான்னு எனக்குத் தெரியும்."

அதற்கப்புறம் அவரும் என் வீட்டுக்கு வந்தால் கூப்பிடுவதில்லை. பூட்டில் இரண்டு தட்டு. தெருக்கோடி வரைக்கும் கேட்கிற தொண்டை அவருக்கு, ஆனாலும் என் கேட்டில் மட்டும் தட்டினார்.

அக்கா ஒரு சீனர் சோற்றுக்கடையில் காய் வெட்டும் வேலை பார்த்தார். விடியுமுன் போனால் மதியம் முடிந்துதான் வருவார். கடையில் முதலாளியோடு கேன்டனீஸ் மொழியில் அவர் சண்டை பிடிப்பதை நான் கேட்டிருக்கிறேன். அது சண்டை இல்லை, காலை வணக்கம் என்பார். அவருடைய கணவர் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகின்றன. வீட்டில் அவரும் ஒரே மகளும்தான். ஆனால் உறவுக்காரர்கள் வந்தவண்ணம் இருப்பார்கள். தினமும் மூன்று மணிக்கு என் வீட்டுச் சமையலறைக்கு வந்து நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொள்வார்.

"கடையிலயும் சத்தம், வீட்லயும் சத்தம். இங்க வந்தாத்தான் லா என் காது கொஞ்சம் ஓயுது," என்பார்.

என் மௌனத்தை ஒருவர் தேடி வந்தார் என்பது எனக்கு அவ்வளவு பெரிய விஷயம். அதுவரைக்கும் எல்லோரும் அதைச் சகித்துக்கொண்டார்கள், இல்லாவிட்டால் திருத்தப் பார்த்தார்கள். இவர் மட்டும் அதில் வந்து உட்கார்ந்து இளைப்பாறினார். ஒரு மாதிரி கர்வமாகக்கூட இருந்தது. அவரோடு சந்தைக்குப் போனால் எனக்கு மூச்சு எண்ணும் வேலையே இருக்காது. மீன்காரனிலிருந்து பூக்காரம்மா வரை எல்லோரும் அக்காவிடம் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டிருப்பார்கள், என்னைப் பார்க்க யாருக்கும் நேரமிருக்காது. அப்படி ஒரு நாள் கடையில் உட்கார்ந்திருந்தபோது, எந்த ஒத்திகையும் இல்லாமல் "எனக்குக் கோப்பி" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அக்கா என்னைப் பார்த்தார். தனக்கும் ஒரு கோப்பி சொன்னார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து நான் அழுதேன், சந்தோஷத்தில்.

அக்கா பிறந்து வளர்ந்தது ஆயர் தாவார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அந்தத் தோட்டத்தைப் பற்றி அவர் மகளிடமும் சொந்தக்காரர்களிடமும் சொல்லும் கதைகளைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். தீமிதித் திருவிழா, திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய படம், தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் நின்ற பலாமரம். வீட்டுக்கு யார் வந்தாலும் கடைசியில் பேச்சு தோட்டத்தில்தான் போய் நிற்கும். "அம்மாவுக்குத் தோட்டம்னா உசுரு," என்று மகள் பெருமையாகச் சொல்லுவாள்.

என்னிடம் மட்டும் வேறு கதை சொன்னார். மழை பெய்த ஒரு மதியம். நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். அவராகவே ஆரம்பித்தார்.

அவருக்கு ஒன்பது வயதில் ஒரு தங்கை இருந்தாள். அப்போது அக்காவுக்குப் பதின்மூன்று. தங்கைக்குக் காய்ச்சல் முற்றி இழுப்பு வந்துவிட்டது. அப்பா தோட்ட ஆபீசுக்கு ஓடிப்போய், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லோரி கேட்டிருக்கிறார். ரப்பர் பால் ஏற்றி முடிந்ததும் தருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா காத்திருக்காமல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். அக்கா பின்னாலேயே குடையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். பெரிய ரோட்டுக்குப் போகும் செம்மண் சாலையில், பாதி வழியிலேயே தங்கையின் தலை சாய்ந்துவிட்டது. அப்பா அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து லோரி வந்து ஓரமாக நின்றது. அடக்கம் செய்த மறுநாள் விடியற்காலை எல்லோரும் வழக்கம்போல் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார்களாம்.

"அன்னியிலேர்ந்து அந்த மண்ணக் கண்டா எனக்கு ஆகாது. எப்பயாச்சும் அங்க போவ வேண்டியிருந்தாக்கூட செருப்பக் கழட்ட மாட்டேன். கோயிலுக்குள்ள போனாக் கழட்டணுமேன்னு கோயிலுக்கே போவ மாட்டேன். வெளியவே நின்னு கும்புட்டுட்டு வந்துருவேன்."

"அப்ப எல்லார்கிட்டயும் வேற மாதிரி சொல்றீங்களேக்கா?"

"எங்கண்ணன் அப்ப பாகான் டத்தோல மாமா வீட்ல தங்கிப் படிச்சிகிட்டு இருந்தான். தெரிஞ்சா ஆபீசுக்குப் போயி யாரயாச்சும் வெட்டிருவான்னு எங்கப்பா பயந்தாரு. காச்சல்ல போச்சுன்னு மட்டும் சொல்லு, லோரி கதைய யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. அப்புறம் என் மவளுக்கு என்னாத்தச் சொல்லுறது? திருவிழாவத்தான் சொல்லுறேன்." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "உன்கிட்ட சொன்னா சத்தியத்த மீறுன மாதிரியே இல்ல லா. வெளியவே போவாது."

நானும் சிரித்தேன். அது எனக்குக் கிடைத்த பட்டம் போல இருந்தது.

அடுத்த வருடம் பாகான் டத்தோவில் அவருடைய அத்தை ஒருவர் படுக்கையில் கிடந்தார். ஐந்து நாளாக மூச்சு போகாமல் இழுத்துக்கொண்டிருந்தது. சொந்தங்கள் எல்லோரும் பால் ஊற்றிப் பார்த்துவிட்டார்கள். இன்னும் ஏதோ ஆசை உயிரைப் பிடித்துவைத்திருக்கிறது என்று சொல்லி, அக்காவின் அண்ணன் அத்தையும் வளர்ந்த அந்தத் தோட்டத்துக்குப் போய் மண் எடுத்து வந்து, தண்ணீரில் கரைத்து வாயில் விட்டிருக்கிறார். பிறந்து வளர்ந்த மண் உள்ளே போனால் இழுத்துக்கொண்டிருக்கிற உயிர் நிம்மதியாகப் பிரியும் என்பது நம்பிக்கை. எங்கள் பக்கத்திலும் உண்டு. அத்தை அன்று மாலையே போய்விட்டார். அக்கா துக்கம் விசாரித்துவிட்டு நேரே என் சமையலறைக்கு வந்தார். முகம் இறுகிப்போயிருந்தது.

"எனக்கும் அவன் இதத்தான் செய்வான் பாரு. அவனுக்கு அதுல அப்டி ஒரு நம்பிக்க. அந்த மண்ணப் போயி என் வாயில..." புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "நீ சொல்லிரு தங்கச்சி. அப்ப என்னால பேச முடியுமோ என்னமோ. நீ வேணாம்னு சொல்லிரு."

"நீங்களே இப்பச் சொல்லி வைக்கலாமேக்கா?"

"சொன்னா ஏன்னு கேப்பான். ஏன்னு சொன்னா எங்கப்பாவுக்குக் குடுத்த வாக்கு போயிரும். உன்ன யாரும் ஏன்னு திருப்பிக் கேக்க மாட்டாங்க. நீ வாயத் தொறந்து பேசுறதே அதிசயம், அதுலயே ஆடிப்போயிருவாங்க. ஒரே ஒரு சொல்லு. வேணாம். அவ்ளோதான் உன் வேல."

நான் தலையாட்டினேன். அவர் என் தலையைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத் தேநீர் கேட்டார். அவர் என்னிடம் கேட்ட ஒரே உதவி அது.

அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது அதற்கு ஒரு வருடம் கழித்து, கடையில், வெட்டுக்கத்தியும் கையுமாக. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. அவ்வளவு பெரிய தொண்டை, ஒரு சத்தம்கூட வரவில்லையாம். நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பார்வையாளர் நேரத்தில் வார்டு முழுக்க ஆட்கள் இருப்பார்கள், லிப்டில் இருப்பார்கள், கட்டிலைச் சுற்றி உறவுக்காரர்கள் நின்று என்னை யாரென்று கேட்பார்கள். இரண்டு தடவை உடுத்திக்கொண்டு கணவரின் மோட்டார் சைக்கிளில் வாசல் வரைக்கும் போனேன். இரண்டு தடவையும் திரும்பிவிட்டேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லித்தான் ஆக வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, கூட்டம் இல்லாத மூன்று மணிக்குப் போனேன். பூட்டில் இரண்டு தட்டினேன். உள்ளே கட்டிலின் இரும்புக் கம்பியில் இரண்டு தட்டு கேட்டது. அசைகிற இடது கையின் மோதிரத்தால் தட்டியிருக்கிறார். நான் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்புறம் தினமும் அப்படித்தான். இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். முன்பு அவர் பேசுவார், நான் கேட்பேன். அந்த நாட்களில் நான் கொஞ்சம் பேசினேன்கூட. சந்தையில் தக்காளி வாங்கியதை, கடைக்காரர் கேட்டதை, முள்ளங்கிக் கதையை. ஒரு பக்கத்து வாயால் சிரிப்பார். மகள் வேலை முடிந்து வந்தால், "என் சித்தி பேசுறாங்களா?" என்று வாசலிலேயே நின்று ஆச்சரியப்படுவாள். அவளிடம் என்னைச் சித்தி என்று கூப்பிடச் சொன்னது அக்காதான்.

நான்கு மாதம். பிறகு பக்கவாதம் இன்னொரு முறை வந்தது. டாக்டர்கள் வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கண் பாதி திறந்திருக்க, மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் சனிக்கிழமை காலை மகளிடமிருந்து செய்தி வந்தது: "சித்தி, மாமா தோட்டத்துக்குப் போயிருக்காரு. மண்ணு எடுத்துட்டு வாராரு. வந்துருங்க."

குளியலறைக்குப் போனேன். கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். "அண்ணே, மண்ணு வேணாம்." நான்கு முறை. ஐந்தாவது முறை நன்றாக வந்தது. இன்னும் பத்து முறை சொன்னேன். வெளியே வந்த என்னைக் கணவர் பார்த்தார். அவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "நானும் வரட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவரிடம் விஷயத்தைச் சொல்லி, எனக்குப் பதிலாக அவரைப் பேச வைத்திருக்கலாம் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. ரகசியத்தை நான் அவ்வளவு ஒழுங்காகக் காப்பாற்றினேன்.

சாலை ஓரமெல்லாம் கார்கள். கேட் விரியத் திறந்து கிடந்தது. பூட்டு ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, தட்டுவதற்கு வேலையில்லை. வாசலில் குவிந்திருந்த செருப்புகளைப் பார்த்ததும் கால் பின்வாங்கியது. ஆனாலும் உள்ளே போனேன். என்னைப் பற்றி நான் சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரே நல்ல விஷயம் அது. கூடத்தில் இருபது, இருபத்தைந்து பேர் இருப்பார்கள். மகள் என் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கரண்டியைக் கொடுத்தாள். அக்காவின் உதட்டில் பால் விட்டேன். "அக்கா, நான்தான்," என்று காதில் சொன்னேன். பிறகு ஆட்கள் நெருக்க, நகர்ந்து நகர்ந்து சுவரோரம் வந்துவிட்டேன்.

பதினொரு மணிவாக்கில் அண்ணன் வந்தார். அறுபதைத் தாண்டியவர். கால்சட்டை நுனியெல்லாம் சேறு. கண் சிவந்திருந்தது. கையில் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பை, அதில் செம்மண். அவர்மேல் கோபப்பட எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. தங்கை நிம்மதியாகப் போக வேண்டும் என்று விடியுமுன் காரை எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போய்வந்த மனிதர்.

"லயம் இருந்த எடமே தெரியல, முழுக்கச் செம்பனை மரம் நட்டுட்டாங்க. பெரிய ரோட்டுக்கு வார பழைய மண் ரோடு மட்டும் அப்டியே இருக்கு. அங்கேருந்துதான் எடுத்தேன்," என்றார்.

அந்தச் சின்னத் தங்கையின் தலை சாய்ந்த அதே சாலை.

எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வந்தது. அவர் ஒரு பிடி மண்ணைப் போட்டு விரலால் கரைத்தார். மகள் வெள்ளைத் துணி கொண்டுவந்து வடிகட்டினாள். எவ்வளவு பக்குவமாகச் செய்தார்கள். நான் மூச்சை நான்கு எண்ணும்வரை இழுத்தேன். ஆறு எண்ணும்வரை விட்டேன். இன்னொரு முறை. சுவரை விட்டு ஓர் அடி முன்னால் வந்தேன். வாயைத் திறந்தேன். நிஜமாகவே திறந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பெரியம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"என்னாம்மா? என்னமோ சொல்ல வாரீங்களே?"

நல்ல மனதோடு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். கூடமே என் பக்கம் திரும்பியது. அண்ணன் டம்ளரோடு நிமிர்ந்து பார்த்தார். மகள் பார்த்தாள். இருபத்தைந்து முகங்கள், எல்லாம் எனக்காகக் காத்திருந்தன. இனி எனக்கு அப்படி ஓர் அமைதி கிடைக்கப்போவதில்லை. அக்கா சொன்னது போலவே, நான் பேசினால் கேட்டிருப்பார்கள். ஒரே ஒரு சொல். காது அடைத்தது. முகம் சூடானது.

"ஒண்ணுமில்ல," என்றேன்.

அந்தச் சொல் மட்டும் எவ்வளவு சுலபமாக வந்தது.

எல்லோரும் திரும்பிக்கொண்டார்கள். அண்ணன் கரண்டியால் ஊற்றினார். ஒரு கரண்டி, இரண்டாவது கரண்டி. செந்நிறத் தண்ணீர் கடைவாயில் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. மகள் துடைத்துவிட்டாள். அக்காவின் கண்கள் பாதி திறந்தபடியே இருந்தன. அவர் என்னைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும். அரைமணி நேரத்தில் மூச்சு அடங்கியது. "பாத்தீங்களா, மண்ணுதான்," என்று யாரோ சொன்னார்கள். அழுகைக்கு நடுவே எல்லோருக்கும் அதில் ஓர் ஆறுதல் இருந்தது. அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நல்லபடியாப் போயிட்டாம்மா. அதத்தான் தேடிகிட்டு கெடந்துருக்கா, பாவம்."

நான் தலையாட்டினேன். அக்காவுக்கு வாக்குக் கொடுத்தபோதும் இப்படித்தான் ஆட்டினேன்.

அன்று மாலை கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் வெகுநேரம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "அவங்களுக்கு நெனவே இல்ல. நாலு சொட்டுத் தண்ணி. அதுல என்ன இருக்கு?" என்றார். இருக்கலாம். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அது. எனக்குத் தெரிந்தது, ஊருக்கெல்லாம் பேசிய ஒருத்தி தனக்காகப் பேச என்னைத் தேர்ந்தெடுத்தாள் என்பதும், நான் பேசவில்லை என்பதும். பேச முடியவில்லை என்று டாக்டர் சொல்வார். அந்த வித்தியாசம் எனக்கு ஆறுதலாக இல்லை. காலையில் பல் துலக்கும்போது கண்ணாடியைப் பார்த்து இப்போதும் சொல்கிறேன், அண்ணே, மண்ணு வேணாம். முதல் முறையிலேயே நன்றாக வருகிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து, மதியம் மூன்று மணிக்கு எங்கள் கேட்டில் இரண்டு தட்டு கேட்டது. கையிலிருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். மகள் நின்றிருந்தாள். அம்மாவைப் பார்த்துப் பழகியிருக்கிறாள்.

உள்ளே வந்து, அக்கா உட்காரும் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"மாமா கொண்டாந்த மண்ணு மிச்சம் இருந்துச்சு சித்தி. தூக்கிப் போட மனசு வரல. வீட்ல பாதி வச்சிகிட்டேன். இது உங்களுக்கு. அம்மாவுக்குக் கூடப் பொறக்காத தங்கச்சி நீங்கதானே."

நான் அதைத் தொடவில்லை.

"அம்மா தோட்டத்தப் பத்தி உங்ககிட்ட நெறையப் பேசியிருப்பாங்களே? எதாச்சும் சொல்லுங்க சித்தி. கேக்கணும் போல இருக்கு. கடசியில அந்த மண்ணாச்சும் கெடச்சுதேன்னுதான் என் மனசு ஆறுது."

அவள் முகத்தைப் பார்த்தேன். அழுது அழுது வீங்கியிருந்தது. இப்போது என் காது அடைக்கவில்லை. தொண்டையில் ஒன்றும் இல்லை. உண்மை நாக்கு நுனியில் தயாராக இருந்தது, கேட்க ஒரே ஒருத்திதான் இருந்தாள். சொல்லியிருந்தால் தடுமாறாமல் சொல்லியிருப்பேன்.

"நெறைய சொல்லியிருக்காங்க," என்றேன். தீமிதித் திருவிழாவைச் சொன்னேன். திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டியதைச் சொன்னேன். காற்றடித்தால் படத்தில் இருப்பவர்களின் முகமெல்லாம் நெளியும் என்று, அக்கா சொல்லாததையும் சேர்த்துச் சொன்னேன். பலாமரத்தைச் சொன்னேன். வெறுங்காலோடு அந்த மண்ணில் ஓடி விளையாடியதைச் சொன்னேன். ஒத்திகை இல்லாமல், மூச்சு எண்ணாமல், கால்மணி நேரம் பேசியிருப்பேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"நீங்க இவ்ளோ நேரம் பேசி நான் பாத்ததே இல்ல சித்தி. அம்மா இருந்தா எவ்ளோ சந்தோஷப்படுவாங்க," என்றாள்.

அவள் போன பிறகு அந்தப் பொட்டலத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வீட்டுக்குள் வைக்கவும் முடியாது, எறியவும் முடியாது. வாசலில், செருப்பு விடும் இடத்தில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.